நாயோடு தஞ்சைக்கு: கோயில் வாசலும் தென்னந்தோப்பும்

வீட்டு நாயை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்ப மனம் வராதவர்கள் தமிழ்நாட்டில் நாளுக்கு நாள் கூடிவருகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட பெரியவர்கள், ஒற்றைப் பிள்ளை உள்ள சிறு குடும்பங்கள், வாடகை வீட்டில் தனியாக இருக்கும் இளைஞர்கள் என்று பலருக்கும் நாய் இன்று வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது. கார் இருக்கிறது, நான்கு நாள் விடுமுறை இருக்கிறது, கூடாரம்கூடக் கடையில் கிடைக்கிறது. தஞ்சாவூர் போகலாம், பெரிய கோயிலைப் பார்க்கலாம், காவிரிக் கரையில் இரண்டு இரவு தங்கலாம் என்று திட்டம் போடும்போது முதலில் எழும் கேள்வி, "கோயிலுக்குள் நாயை விடுவார்களா?" என்பது. விடமாட்டார்கள். பலருடைய திட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது; நாய் காப்பகத்துக்குப் போகிறது, அல்லது பயணம் மலைப்பக்கம் மாறிவிடுகிறது. கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். நாய் எங்கே நுழையலாம் என்பதைவிட, நாம் உள்ளே போயிருக்கும் நேரத்தில் அது எந்த நிழலில், யார் பொறுப்பில் இருக்கும் என்பதே தஞ்சைப் பயணத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கான விடையில் பெரும்பகுதி நகரத்தைச் சுற்றியிருக்கும் நெல் நாட்டில் இருக்கிறது. நாயோடு திறந்தவெளியில் இரவு தங்குவது அந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை.

தடையிலிருந்தே தொடங்கலாம். ராஜராஜன் 1010இல் குடமுழுக்குச் செய்த பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு இணைந்தன. மூன்றும் பூசை நடக்கும் கோயில்கள். மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆகவே நாய்க்கு இங்கே இரட்டைத் தடை. நாய் உள்ளே வந்துவிட்டால் சுத்தி செய்ய வேண்டும் என்பது ஆகம வழக்கு. அது ஒருபுறம் இருக்க, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959ஆம் ஆண்டு மத்திய விதிகளே, சின்னத்தின் பராமரிப்பு வேலைக்குத் தவிர வேறு எதற்காகவும் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்கின்றன. பூசை இல்லாத கோட்டைக்கும் குகைக்கும் அதே விதிதான். 'சாமி விஷயம் என்பதால் மறுக்கிறார்கள்' என்று வாசலில் வாக்குவாதம் செய்வோர் இதைக் கவனிப்பதில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய கண்டிப்பும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் ஆகமம் இல்லை, அர்ச்சகர் இல்லை; ஆனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களைத் தவிர வேறு நாய்க்கு அங்கே இடமில்லை. சிற்பமும் கல்வெட்டும் நிறைந்த அடித்தளத்தில் விலங்கின் சிறுநீர் விழுந்தால் அதிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கி மெல்ல அரிக்கும். பெரிய கோயிலின் அதிட்டானம் முழுவதும் எழுத்து. அந்த எழுத்துகளில்தான் சோழர் காலத்து நிலமும் நெல்லும் ஆடும் மாடும் ஆள்பெயரோடு கணக்காகப் பதிவாகியிருக்கின்றன. அதைக் காக்கும் விதியை நாய்ப் பிரியர்களும் தங்கள் விதியாகக் கொள்ள வேண்டும்.

இதற்குப் பக்தர்கள் தரப்பிலிருந்தே ஓர் எதிர்வாதம் வருவதுண்டு. பைரவருக்கு வாகனம் நாய்தானே, சிவன் கோயிலில் நாயை எப்படி விலக்கலாம் என்பார்கள். காவிரி நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். சிவன் பைரவத் துறவியாக வந்து பிள்ளைக்கறி கேட்ட சிறுத்தொண்டர் கதை நடந்த திருச்செங்காட்டங்குடி இங்கேதான் இருக்கிறது. தேய்பிறை அட்டமிக்குப் பைரவர் சந்நிதியில் கூட்டம் நிற்காத சிவன் கோயில் இப்பக்கம் அரிது. மாணிக்கவாசகர் தன்னை நாய் என்று சொல்லிச் சொல்லி உருகியவர். அத்தனையும் உண்மை. ஆனால் பைரவருக்குக் கோயிலில் கொடுத்திருக்கும் வேலை காவல். ஈசானிய மூலையில் நின்று அவர் கோயிலைக் காக்கிறார். இரவு நடை சாத்தியபின் சாவியை அவர் முன் வைத்து எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வாகனம் என்பதால் உள்ளே வர உரிமை என்று வாதிட்டால், ரிஷபத்தின் பெயரால் வண்டி மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்றாகிவிடும். அப்படி யாரும் செய்ததில்லை. மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. வாசலில் நிற்கும் நாய் கல்லடிக்கும் உதைக்கும் உரியது அல்ல என்ற மரியாதை அது. தமிழர்கள் நாய்க்கு அந்த மரியாதையைக் கல்லிலேயே கொடுத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்த நாயை 'கோவிவன்' என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது.

விதியையும் மரபையும் ஒதுக்கிவிட்டு நாயின் பக்கமிருந்து மட்டும் பார்த்தாலும் கோயில் பிராகாரம் அதற்கு உகந்த இடம் இல்லை. பங்குனியில் காலை 11 மணிக்குப் பெரிய கோயிலில் நின்று பார்த்தால் புரியும்: விரித்திருக்கும் பாயை விட்டு விலகியவர்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாய்க்கு உள்ளங்கால் மெத்தை தடிப்பானதுதான், ஆனாலும் அது தோல், கொப்புளிக்கும், உரியும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயை அதன்மேல் நடத்தக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கின் ஈரம் ஆவியாக வேண்டுமானால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் நீர் நின்ற வயலும் பக்கத்தில் கடலும் உள்ள டெல்டாவில் காற்றே ஈரம். அதனால் வெப்பமானி காட்டும் அளவைவிட நாய் படும் பாடு அதிகம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூக்குச் சப்பையான பக் போன்ற இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல், அவற்றுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். 2003இல் வந்த ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு பக் வாங்கிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். வெயில் நாட்டுக்குப் பொருந்தாத அந்த மூக்கைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் நீண்ட முகமும் குட்டை மயிரும் கொண்டவை, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் என்பதற்காக நண்பகலில் நடத்தலாம் என்று அர்த்தமில்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, 'அரை மணி நேரம்தானே' என்று காருக்குள் பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போவது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் ஏறுவது முதல் அரை மணிக்குள்தான் மிக வேகம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுவதால் பெரிதாக எதுவும் குறைவதில்லை. சந்நிதியில் வரிசை நீண்டால், சிற்பத்தின் முன் நின்றுவிட்டால், அரை மணி என்பது ஒன்றரை மணியாகும். இப்படி விடுவதைவிட வீட்டிலேயே விட்டுவருவது ஆயிரம் மடங்கு மேல். ஆகவே தஞ்சையில் நாயோடு கோயில் பார்க்க ஒரே வழி முறைவைத்துப் பார்ப்பதுதான்: ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. நடை திறப்பது காலை 6 மணி, நண்பகலில் சாத்தி மாலை 4 மணிக்கு மறுபடி திறப்பு. ஆறு மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டால் இருவரும் எட்டரைக்குள் மாறிமாறிப் பார்த்து முடிக்கலாம். 216 அடி விமானத்தில் முதல் வெயில் ஏறுவதைப் பார்க்கும் நேரமும் அதுவே. வெளியே நிற்பவருக்கும் தஞ்சாவூர் எதையும் மறைத்துவைக்கவில்லை. அகழி ஓரம், கோட்டைச் சுவர், நகரத்தின் நடுவே ஓடும் புது ஆற்றின் கரை எல்லாம் நாயோடு காலாற நடக்கத் தக்கவை. திருவையாற்றுச் சாலையில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் அடுத்தடுத்து வரும். ஊருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பாடம் படிக்க வேறு இடம் தேவையில்லை. தியாகராஜர் ஆராதனை நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் நாயோடு போக வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைப் பார்த்தபின், ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரிக்கரையில் நாய்க்கு நீண்ட நடை கிடைக்கும்.

இனித் தங்கும் இடம். மேல்நாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல் கூடாரம் அடிக்க டெல்டாவில் பொதுவெளி கிடையாது. மலையும் காடும் இல்லாத நாடு இது. ஒவ்வொரு குழி நிலத்துக்கும் ஒரு பட்டா, ஒவ்வொரு வரப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரு சொந்தக்காரர். காலியாகத் தெரியும் இடமும் காலி இல்லை என்பதுதான் வெளியூர்க்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். ஜூனிலிருந்து குறுவை, அதன் பின்னே சம்பா, தாளடி என்று தை வரைக்கும் வயலில் நீரும் பயிரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை; அந்த நாட்களில் கூடாரமும் வேண்டாம், நாயும் வேண்டாம். தை பாதியில் தண்ணீர் நிறுத்தியதும் ஆறு வற்றி மணல் தெரிகிறது, அறுவடை ஓடுகிறது, இரவு குளிர்கிறது, பகலும் இன்னும் கொதிக்கவில்லை. தை பிற்பகுதியிலிருந்து மாசி கடைசி வரையிலான அந்த ஆறு வாரம்தான் நாயோடு டெல்டாவில் தங்கத் தக்க காலம். அப்போதும் அறுத்த வயலில் கூடாரம் அடிக்கக் கூடாது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தையும் பச்சைப்பயறையும் நிற்கும் நெல்லுக்குள் தெளித்துவிடுவார்கள். தாளுக்கு நடுவில் முளைத்து நிற்பது அடுத்த வெள்ளாமை. களத்துமேடும் அந்த நாளில் ஓயாத இடம். அங்கே காயும் நெல்லின் மேல் ஒரு நாய் காலைத் தூக்கிவிட்டால் அந்த ஊரில் மறுபடி முகம் காட்ட முடியாது. மிஞ்சுவது திடலும் தோப்பும். தோப்பிலும் காய்த்த தென்னைக்கு நேர்கீழே படுக்கக் கூடாது; மட்டையும் காயும் எந்த நேரமும் விழும். தோப்புக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர் காட்டிய இடத்தில், அவர் வீட்டுக் கிணற்றடிக்குப் பக்கத்தில் தங்குவதே முறை. கேட்டால் இல்லை என்று சொல்லும் ஊர் டெல்டாவில் குறைவு.

இந்த முறையை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் காவிரி நாட்டுக்கு வருகிறார்கள். பகலில் தாளடி மேய்ச்சல்; இரவில் வயல்காரர் அழைத்த நிலத்தில் கிடை. ஆடுகளை நெருக்கி அடைத்து, சுற்றிலும் பட்டி கட்டி, விடியும்வரை அவை இடும் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் வாக்கு. ஆட்டு உரம் அந்தப் போகத்திலேயே பலன் கொடுத்துவிடும் என்று பொருள். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு மாறும். குட்டிகளைப் பனியிலிருந்து காக்கக் கவிழ்த்துவைக்கும் கூடு, தலைமாட்டில் தொரட்டி, கால்மாட்டில் நாய்: இதுதான் டெல்டா அறிந்த கூடார வாழ்க்கை. நரிக்கும் திருட்டுக்கும் அந்த நாய்தான் முதல் காவல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்த சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். பெரிய கோயிலுக்கும் இந்த மந்தைக்கும் உள்ள உறவு இன்றைய பயணிக்குத் தெரிவதில்லை. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்று ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். மந்தை குறையக் கூடாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். அந்த மந்தைகளை இரவில் காத்த நாய்களைக் கல்வெட்டு சொல்லவில்லை. நாய் இல்லாமல் கிடை இல்லை என்பது இன்றைக்கும் ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த விஷயம். கருவறைக்குள் எரிந்த விளக்குக்குப் பின்னால், வெகு தொலைவில், வயலில் படுத்திருந்த ஒரு நாயும் இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கீதாரியின் பாட்டைச் சுற்றுலாக்காரரின் பொழுதுபோக்கோடு ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கீதாரி ஆசைக்காக வெட்டவெளியில் படுக்கவில்லை. வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் விட்டு மாதக்கணக்கில் அலைகிறார். மழையிலும் பனியிலும் ஆடு செத்தால் அவர் பிழைப்பு போயிற்று. இரண்டு இரவு கூடாரத்தில் இருந்துவிட்டு அறை போட்டுக் குளிக்கப் போகிறவர் அவரோடு தன்னைச் சமமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒழுங்கை யாரிடமிருந்தும் கற்கலாம். அழைக்காத வயலில் கீதாரி கிடை போடுவதில்லை. பயறு முளைத்த நிலத்தில் இறங்குவதில்லை. அவர் நாய் கண்ட வாத்தையும் கோழியையும் துரத்தாது. துரத்தினால் மறுவருடம் அந்த ஊரில் அவருக்குக் கிடை இல்லை. அறுவடைக்குப் பின் டெல்டா முழுக்க வாத்து மேய்ப்பவர்களின் கூட்டங்களும் நடமாடும். நகரத்தில் வளர்ந்த லாப்ரடார் ஒன்று ஆசையாகப் பாய்ந்தாலே நூற்றுக்கணக்கான வாத்துகள் சிதறிவிடும், அதைத் திரட்ட ஒருவருக்கு அரை நாள் போகும். கீதாரி போகும்போது நிலத்துக்கு உரத்தை விட்டுப் போகிறார். நாம் நாயின் கழிவையாவது பையில் எடுத்துவர வேண்டும். நாயின் கழிவில் இருக்கும் குடற்புழு முட்டைகள் ஆட்டுப் புழுக்கைபோல் உரமாவதில்லை. ஆற்றுப் படித்துறையில் குளிக்கும் பிள்ளைகளுக்கு அவை நோய் தரும்.

நெல் நாட்டில் நாய்க்கு உள்ள ஆபத்துகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாய் வளர்ப்புப் புத்தகங்கள் மலைப்பாதையைப் பற்றிச் சொல்லும், வரப்பைப் பற்றிச் சொல்வதில்லை. வரப்பில் எலி வளை. எலிக்கு வைத்தது தஞ்சாவூர் கிட்டி. மூங்கில் வில்லை வளைத்து நாண் பூட்டி இரை வைத்து வயலோரம் நட்டிருப்பார்கள். எலி இரைக்குத் தலையை நீட்டியதும் நாண் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் சின்ன நாயின் மூக்கையோ முன்னங்காலையோ அதே நாண் பிடிக்கும். அதைவிடக் கொடியது எலி மருந்து. பொரியிலும் எண்ணெயிலும் பிசைந்து வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு நாய்க்குத் தின்பண்டம்போல் மணக்கும். வயிற்று அமிலம் பட்டதும் விஷவாயுவாகும். அதற்கு முறிமருந்து கிடையாது. எலி தேடி வரப்புக்கு வரும் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் நாயின் முகத்தில்தான் முதலில் கொத்தும். எலியின் சிறுநீர் கலந்த வாய்க்கால் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரும். ஆகவே வயல்வெளியில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கக் கூடாது, வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவிடக் கூடாது, எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி புறப்படும் முன்பே போட்டிருக்க வேண்டும். கல்லணைக் கால்வாயில் சிமென்ட் சரிவு போட்ட இடங்களில் இறங்கிய நாய் நீந்தத் தெரிந்தாலும் ஏற முடியாது. பாசி வழுக்கும், நகத்துக்குப் பிடி கிடைக்காது. வற்றிய ஆற்று மணல் விளையாடவிட ஏற்ற இடம், அதுவும் ஊர்க்காரர் காட்டிய இடத்தில். ஏதாவது நேர்ந்துவிட்டால், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012இல் தொடங்கியது. தங்கும் இடத்தை அதிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வைத்துக்கொள்வது அறிவு.

கடற்கரையில் கூடாரம் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும், தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் எழுப்பிய மனோரா கோபுரத்தையும் வெளியிலிருந்து நாயோடு பார்க்கலாம். ஆனால் தை முதல் பங்குனி வரை நாகப்பட்டினம் கரை நெடுக பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். நாய் ஒரு குழியைத் தோண்டினால் நூறு முட்டை போயிற்று. டெல்டாவில் நாய்க்கு உகந்த ஆறு வாரமும் ஆமைக்கு உரிய வாரங்களும் ஒன்றாக வருவதால், இரவில் கடற்கரையை ஆமைக்கே விட்டுவிட வேண்டும். வெளிமான் திரியும் கோடியக்கரை சரணாலயத்துக்கும் வடுவூர்ப் பறவைகள் ஏரிக்கும் நாயை அழைத்துப் போகும் எண்ணமே வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே பலர் மனத்தில் இருக்கும் மறுப்பு ஒன்று உண்டு. தெருநாய்க் கடியால் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கும் நேரத்தில், நாயோடு சுற்றுலா என்பது வசதி படைத்தவர்களின் ஆசைதானே என்பது அது. கிராமத்தில் இந்த மறுப்பைப் பயமாகவே பார்க்கலாம். பெரிய உருவமுள்ள வெளியூர் நாயைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் தாயின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுப்பது நாயைக் கூட்டிவருகிறவரின் கடமை. வெறிநாய்க்கடி ஊசிச் சான்று கையில் இருக்க வேண்டும். நாய் எப்போதும் குட்டைக் கயிற்றில் இருக்க வேண்டும். தேவையுள்ள இடத்தில் வாய்மூடி போட வேண்டும். ஊர்த் தெருவுக்குள் நாயை நடத்தாமல் இருப்பதே நல்லது; ஒவ்வொரு தெருவும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை, நம் நாய் அதில் அந்நியன். கடி பட்டவர் மனிதரானால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். இவ்வளவையும் செய்கிறவர் கிராமத்துக்குச் சுமையாக மாட்டார். தடுப்பூசி, கயிறு, கழிவுப் பை மூன்றும் கண்ணுக்குத் தெரிய ஒரு நாய் ஊர்ப்பக்கம் வந்துபோவது, நாயை வளர்ப்பது எப்படி என்று அந்த ஊருக்கு ஒரு பாடமாகவும் அமையலாம். பொறுப்பில்லாமல் வளர்த்துத் தெருவில் விட்டதன் விளைவைத்தான் இன்று நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்கிறோம். வீட்டு நாயைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தத் தொல்லையைக் குறைக்கும் பழக்கம்.

ரயிலில் வருவது பற்றியும் சொல்லிவிடலாம். முதல் வகுப்பு ஏசியில் இருவர் அறையோ நால்வர் அறையோ முழுவதும் நமக்கே கிடைத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளில் அனுமதியில்லை; கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். இருட்டும் இரைச்சலும் இரும்புச் சூடும் உள்ள அந்தக் கூண்டில் ஓர் இரவு வந்த நாய் தஞ்சாவூர்க் காலையை எப்படி அனுபவிக்கும்? சொந்தக் கார் அல்லது வாடகைக் கார்தான் இப்போதைக்கு வழி. இந்தப் பயணம் கார் உள்ளவருக்கே வாய்க்கிறது என்ற குறை இதனால்தான் நிற்கிறது; ரயில்வே அந்தக் கூண்டைக் காற்றோட்டமாகத் திருத்தினால் பாதிக் குறை தீரும்.

மீதிக் குறை தஞ்சாவூர் தீர்க்கக் கூடியது. வழிப்போக்கருக்கு வாசலில் இடம் செய்துகொடுப்பதில் இந்த ஊருக்கு இணை குறைவு. ராமேசுவரம் போகும் பாதையில் மராத்திய அரசர்கள் சத்திரங்களைத் தொடர்ந்து கட்டினார்கள். 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், காசியிலிருந்து வரும் ஜோகிகள், ஜங்கமர்கள், பக்கீர்கள்வரை எல்லோருக்கும் சோறு போடுவதையும், சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியாகக் கொடுப்பதையும், நோயுற்றவருக்கு வைத்தியர் பார்ப்பதையும் எடுத்துச்சொல்லி, அந்தத் தர்மங்களைக் கைவிடாமல் காக்க வாதாடினார். அவரவர் வழக்கம் எதுவோ அதற்கேற்ற இடம் என்பதே சத்திரத்தின் நெறி. அவர் முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரில் எழுப்பிய சத்திரம் ஒரத்தநாட்டில்தான் இருக்கிறது; இன்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் அதே ஊர். 2014இல் மாநகராட்சியான தஞ்சாவூர், பெரிய கோயில் வாகன நிறுத்தத்தின் ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட வேண்டும். பத்து நாய்களைத் தள்ளித்தள்ளிக் கட்ட வளையம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஊசிச் சான்றைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க ஓர் ஆள், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரத்தநாட்டுக் கல்லூரி மாணவர்கள் வாரக் கடைசியில் வந்து நின்றால் அவர்களுக்கும் பயிற்சி. செருப்புக்கும் கைப்பைக்கும் காவல் வைத்திருக்கும் கோயில் வாசலில் இது பெரிய செலவில்லை. அடுத்த தை அறுவடைக்குள் மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும். அதுவரை நாயோடு வருகிறவர்கள் இரண்டு பேராக வாருங்கள். ஒருவர் வெளியே நில்லுங்கள்.